ஆலைக்குள் வெக்கை, விடுதியில் பச்சைத் தண்ணீர்!

மார்கழி மாத விடியற்காலையில் தாடிக்கொம்பு ரோட்டோரம் நின்று பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. ஈரத்தலையோடு ஜனங்கள் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். அதே நேரத்தில் வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்து ஆலை வண்டிகள் வரும். இராத்திரி ஷிப்டு முடித்த பெண்கள், தலைமயிரிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்க, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கியபடி வருவார்கள். இன்னும் பலருக்கு வண்டி ஏற வேண்டிய வேலையே இல்லை. ஆலைக் காம்பவுண்டுக்குள்ளேயே இருக்கிற விடுதிக்குத் திரும்பிவிடுவார்கள்.

எட்டு மணி நேரம் இவர்கள் நின்ற இடம் எப்படிப்பட்டது? நூல் அறுந்துவிடக் கூடாது என்பதற்காகக் காற்றில் ஈரம் ஏற்றி வைத்திருக்கும் கூடம் அது. ஆயிரக்கணக்கான கதிர்கள் ஓயாமல் சுழல்கின்றன. மோட்டார்கள் கொதிக்கின்றன. ஈரமும் வெக்கையும் சேர்ந்து ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த வெக்கையை விசிறி வைத்து, சுரங்கக் கால்வாய் வழியாக இழுத்து, வெட்டவெளியில் கொட்டுகிறது நிர்வாகம். இரவு பகலாக, வருஷம் முழுவதும் கொட்டுகிறது. அங்கிருந்து நூறு கெஜ தூரத்தில் இருக்கிற விடுதியில் குளியலறைக் குழாயைத் திறந்தால் வருவதோ பச்சைத் தண்ணீர்!

ஒரு விடுதியில் இருந்து வந்த சகோதரி நம்மிடம் சொன்னார்: முற்றத்தில் ஒரே ஓர் அண்டா, சீமைக்கருவேல விறகு, முந்துகிறவர்களுக்கு ஒரு வாளி வெந்நீர், பிந்துகிறவர்களுக்குப் புகை. மாதவிலக்கு நாளில் இடுப்பு கடுக்கும்போதுகூட அந்த ஒரு வாளிக்கு வரிசையில் நிற்க வேண்டும். காய்ச்சல் கண்டவளுக்குப் பக்கத்துப் பாய்க்காரி தன் பங்கை விட்டுக்கொடுப்பாள். இதுதான் நிலைமை.

கூலி உயர்வு கேட்கவே பாடாய்ப்படுகிறோம், இதில் வெந்நீர் ஒரு பிரச்னையா என்று சில தோழர்கள் கேட்கலாம். ஆம், பிரச்னைதான். பஞ்சுத் தூசியும் யந்திர எண்ணெயும் படிந்த உடம்பைக் கழுவிக்கொள்ள வசதி செய்து தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 42-வது பிரிவு சொல்லிற்று. வேலை செய்யும் இடத்தில் உஷ்ணம் உடம்பைக் கெடுக்காத அளவில் இருக்க வேண்டும் என்று 13-வது பிரிவு சொல்லிற்று. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பை மீறி 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய தொகுப்பைக் கொண்டுவந்துவிட்டார்கள். சட்டத்தின் பெயர் மாறியதால் கூடத்தின் வெக்கை ஒரு டிகிரி குறைந்ததா? இல்லை.

இங்கே நாம் சொல்ல வந்த விஷயம் ஒரு யந்திரத்தைப் பற்றியது. கூடத்தில் வேண்டாத வெக்கையை எடுத்து, குளியலறையில் வேண்டிய வெந்நீராக மாற்றுகிற யந்திரம். இங்கிலீஷில் 'ஹீட் பம்ப்' என்கிறார்கள். நாம் வெப்பப் பம்பு என்போம்.

பெயரைக் கேட்டு மலைக்க வேண்டாம். நம் வட்டாரத்து விவசாயத் தொழிலாளிக்கு இதன் தத்துவம் ஏற்கெனவே தெரியும். கமலை இறைத்த காலத்தை நினைத்துப் பாருங்கள். மாடு தண்ணீரை உண்டாக்கவில்லை. தண்ணீர் கிணற்றில் கிடந்தது. மாடு செய்ததெல்லாம் பள்ளத்தில் கிடந்த தண்ணீரைச் சாலில் மேட்டுக்குத் தூக்கியதுதான். வெப்பப் பம்பும் அப்படியே. வெளிக்காற்றில் வெப்பம் கிடக்கிறது. 30 டிகிரியில் கிடக்கும் வெப்பம் அப்படியே தண்ணீரைச் சூடாக்காது. அது பள்ளத்தில் கிடக்கும் நீர். மின்சாரம் என்கிற மாட்டைக் கட்டி, அந்த வெப்பத்தை 55, 60 டிகிரி மேட்டுக்குத் தூக்கித் தண்ணீருக்குள் கொட்டுகிறோம். சாலுக்குப் பதிலாக, குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவியாகும் ஒரு திரவம் குழாய்க்குள் சுற்றி வருகிறது. ஆவியாகும்போது சுற்றிலும் உள்ள காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை நெருக்கும்போது, சைக்கிளுக்குக் காற்றடிக்கையில் பம்பு சுடுவதுபோல அது சூடேறுகிறது. அந்தச் சூட்டைத் தண்ணீரிடம் விட்டுவிட்டு மறுபடி திரவமாகித் திரும்புகிறது. வீட்டில் இருக்கும் பிரிட்ஜின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். உள்ளே இருந்த வெப்பத்தை அது வெளியே தூக்கிக் கொட்டுகிறது. அதே யந்திரந்தான், திருப்பி வைத்த மாதிரி.

சரி, சாதாரண 'கீஸர்' என்ன செய்கிறது? மின்சாரத்தைக் கம்பிச் சுருளில் விட்டுப் பழுக்கக் காய்ச்சுகிறது. அதாவது கிணறு நிறையத் தண்ணீர் இருக்க, அதை விட்டுவிட்டு மாட்டின் வியர்வையைப் பிடித்து வயலுக்குப் பாய்ச்சுகிற மாதிரி!

கணக்கைப் பார்ப்போம். 100 லிட்டர் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 57 டிகிரிக்கு ஏற்ற மூன்றரை யூனிட் வெப்பம் வேண்டும். இது இயற்கையின் கணக்கு; எந்த முதலாளியும் பேரம் பேச முடியாது. கீஸரில் மூன்றரை யூனிட் மின்சாரமும் செலவாகும். நம் ஊர்க் காற்றின் சூட்டில் நல்ல வெப்பப் பம்புக்கு ஒரு யூனிட்டோ, சற்றுக் கூடுதலாகவோ போதும். பாக்கியைக் காற்று தருகிறது. திறந்த அடுப்பில் விறகு எரித்தால் வெப்பத்தில் பெரும் பகுதி புகையோடு போய்விடுகிறது. அதே 100 லிட்டருக்கு ஆறு, ஏழு கிலோ விறகாவது சாம்பலாகும்.

இருநூறு பெண்கள் தங்கும் விடுதி என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 15 லிட்டர் சுடுதண்ணீர், அதில் பச்சைத் தண்ணீர் விளாவிக்கொள்ளலாம். மொத்தம் 3000 லிட்டர். கீஸர் வைத்தால் தினம் 105 யூனிட். வெப்பப் பம்பு வைத்தால் சுமார் 35 யூனிட். தினம் 70 யூனிட் மிச்சம். வருஷத்துக்கு 25,000 யூனிட்டுக்கு மேல். யூனிட் ஏழு ரூபாய் என்று கொண்டாலும் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய்! இந்தியாவின் மின்சாரத்தில் சுமார் முக்கால் பங்கு நிலக்கரியை எரித்து வருகிறது. ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வானத்தில் ஏறுகிறது. ஆகவே இந்த ஒரு விடுதியில் மட்டும் வருஷம் 18 டன் அளவுக்கு அந்த வாயு குறையும்.

இந்த வாயு யாரைச் சுடுகிறது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் நிலக்கடலை பிடுங்குகிறவளையும், கட்டிட வேலையில் சாரம் ஏறுகிறவனையும், தகரக் கூரைக்குக் கீழே பாவு ஓட்டுகிறவனையும் சுடுகிறது. 2024-ல் தமிழ்நாட்டு சர்க்காரே வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவிக்க வேண்டி வந்தது.

இது ஏதோ நேற்று முளைத்த மாயாஜாலமும் அல்ல. 1850-களிலேயே ஆஸ்திரியாவில் பீட்டர் ரிட்டிங்கர் என்பவர், உப்புக் காய்ச்சும் ஆலையில் விறகுச் செலவைக் குறைக்க, ஆவியை நெருக்கி அதன் சூட்டையே திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தார். 1938-ல் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகர மன்றக் கட்டிடத்தை லிம்மாட் ஆற்று நீரிலிருந்து எடுத்த வெப்பத்தால் சூடாக்கினார்கள். நிலக்கரி இல்லாத நாடு. யுத்தம் வந்து இறக்குமதி சுருங்கியபோது இந்த யந்திரத்தின் அருமை அவர்களுக்குத் தெரிந்தது. ஸ்டாக்ஹோம் நகரத்தில் 1980-களிலிருந்து, சுத்திகரித்த சாக்கடை நீரில் மிச்சமிருக்கும் வெதுவெதுப்பை எடுத்து நகரத்து வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். சாக்கடையில்கூட வெப்பத்தை வீணாக்காத ஊர்! நமது குடகனாற்றில் விட்ட கழிவிலிருந்து நாம் கண்டதெல்லாம் நாற்றமும் கெட்டுப்போன கிணறுகளும். அந்த வழக்கைப் பிறகு பேசுவோம். நார்வேயில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இன்று வெப்பப் பம்பு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து போய் அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் அது பழகிய சாமான்.

பனி பெய்கிற தேசத்திலேயே இந்தப் பம்பு வேலை செய்கிறது என்றால், திண்டுக்கல் சமவெளியில் அது எவ்வளவு சுலபமாக வேலை செய்யும்! கிணற்றில் தண்ணீர் மேலே நின்றால் மாட்டுக்குச் சிரமம் குறைவு. காற்று சூடாக இருந்தால் பம்புக்கு மின்சாரம் குறைவு. குளிர் நாட்டுக்காரனுக்குக் கிடைக்காத இன்னொரு பலனும் நமக்கு உண்டு. வெப்பத்தை இழந்த காற்று குளிர்ந்து வெளியே வருகிறது. அவனுக்கு அது தொல்லை, நமக்கு வரவு. முன்னே சொன்ன 3000 லிட்டர் கணக்கில், தினம் 70 யூனிட் வெப்பம் காற்றிலிருந்து உறிஞ்சப்படுகிறது. ஒரு டன் ஏ.சி. சுமார் இருபது மணி நேரம் ஓடித் தரும் குளிர்ச்சி அது. தனியாகக் காசு இல்லாமல் வருகிறது.

இந்த இடத்தில் மிகைப்படுத்திச் சொல்ல நாம் விரும்பவில்லை. மணிக்கு ஆயிரம் யூனிட் இழுக்கிற ஆலையில் அந்த மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் முடிகிறது. அந்தச் சமுத்திரத்தில் 70 யூனிட் ஒரு செம்புத் தண்ணீர். கூடம் முழுவதும் குளிர்ந்துவிடும் என்று எவனாவது விற்பனைக்காரன் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் அந்தக் குளிர்காற்றைக் குழாய் போட்டுக் கான்டீன் சமையற்கட்டிலோ, தொழிலாளர்கள் சாப்பிட உட்காரும் அறையிலோ விடலாம் அல்லவா? அடுப்பு முன்னால் ஆறு மணி நேரம் நிற்கிற சமையற்காரம்மாவைக் கேட்டுப் பாருங்கள், அந்தச் செம்புத் தண்ணீரின் அருமையைச் சொல்லுவார்.

பம்புகூடத் தேவைப்படாத இடமும் ஆலையிலேயே இருக்கிறது. நூல் சுற்றும் யந்திரங்களுக்குக் காற்றை அழுத்திக் கொடுக்கும் கம்ப்ரஸர் இருக்கிறதே, அது தின்னும் மின்சாரத்தில் பெரும் பங்கு சூடாக மாறுகிறது. அதன் எண்ணெய் எழுபது, எண்பது டிகிரிவரை கொதிக்கிறது. அந்த எண்ணெய்க் குழாயைச் சுற்றித் தண்ணீரை ஓட விட்டாலே வெந்நீர் தயார். இந்தச் சாமான் கடையில் கிடைக்கிறது, செலவும் அதிகமில்லை. எத்தனை ஆலைகளில் விடுதிக்காக இதைச் செய்திருக்கிறார்கள்? கம்ப்ரஸர் அறைக்குச் சென்று வருகிற பிட்டர் தோழர்கள் பார்த்துச் சொல்லட்டும்.

இவ்வளவு லாபமான காரியத்தை ஏன் எல்லோரும் செய்யவில்லை என்ற கேள்வி நியாயமானது. வெப்பப் பம்பு வாங்க முதலில் பணம் அதிகம் போட வேண்டும், கீஸர் மலிவு. கட்டிடம் கட்டுகிறவன் ஒருவன், மின்சாரக் கட்டணம் கட்டுகிறவன் இன்னொருவன். காண்டிராக்டர் குறைந்த டெண்டருக்கு எது வருமோ அதைப் பொருத்திவிட்டு பில்லை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார். அடுத்த பதினைந்து வருஷத்துக்கு ஆஸ்பத்திரியோ, மாணவர் விடுதியோ அழுகிறது. ஆலை விடுதியிலோ விஷயம் இன்னும் எளிது: வெந்நீர் கொடுக்காமலே இருந்துவிட்டால் கீஸரும் வேண்டாம், பம்பும் வேண்டாம்! பெண்கள் நடுங்குவதற்கு மீட்டர் கிடையாது.

செலவை யார் தலையில் வைப்பது என்ற கேள்வியில் மேல்நாடுகள் பட்ட பாட்டையும் நாம் கவனிக்க வேண்டும். 2022-ல் ருஷ்ய எரிவாயு வரத்து சுருங்கி விலை ஏறியபோது ஐரோப்பாவில் ஜனங்கள் வெப்பப் பம்புக்கு ஓடினார்கள். அந்த ஒரு வருஷத்தில் சுமார் 30 லட்சம் பம்புகள் விற்றன. ஜெர்மனி சர்க்கார் 2023-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: புதிதாகப் பொருத்தும் சூடேற்றும் கருவி குறைந்தது 65 சதவிகிதம் புதுப்பிக்கத்தக்க சக்தியில் ஓட வேண்டும் என்பது அதன் சாரம். நோக்கம் நல்லதுதான். ஆனால் செலவுக்கு யார் பொறுப்பு, வாடகை வீட்டில் இருப்பவன் கதி என்ன என்பதைத் தெளிவாக்குவதற்கு முன்பே சட்டம் வருகிற செய்தி பரவிவிட்டது. வீட்டுக்காரன் பம்பின் விலையை வாடகையில் ஏற்றுவான் என்று குடியிருப்போர் பயந்தார்கள். வலதுசாரிகள் அந்தப் பயத்தில் நன்றாகக் குளிர் காய்ந்தார்கள். பிறகுதான் ஏழைக் குடும்பங்களுக்குக் கூடுதல் மானியம் சேர்த்து, செலவில் 70 சதவிகிதம் வரை கிடைக்கும் என்று ஏற்பாடு செய்தார்கள். கனடாவிலோ பிரின்ஸ் எட்வர்டு தீவு என்ற சின்ன மாகாணம் வேறு வழியில் போயிற்று. 2021 முதல் குறைந்த வருமானக் குடும்பங்களின் வீடுகளில் சர்க்காரே இலவசமாகப் பம்பைப் பொருத்திக் கொடுத்தது. யந்திரம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஓர் இடத்தில் கலகம், இன்னோர் இடத்தில் வரவேற்பு.

அப்படியானால் நம் ஜில்லாவில் இது முதலில் எங்கே வர வேண்டும்? பணக்காரர் பங்களாவிலா, கொடைக்கானல் உல்லாச ஓட்டல்களிலா? அவர்கள் வாங்கிக்கொள்வார்கள், நாம் தடுக்கவில்லை. மலையில் ஓட்டல்காரர்கள் விறகையும் டீசலையும் எரிப்பதை விட்டால் சோலைக் காடுகளுக்கு நல்லதுதான். பத்து டிகிரிக் குளிரில் பம்புக்கு மின்சாரம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும், அப்போதும் கீஸரைவிடக் குறைவே. ஆனால் சர்க்கார் பணம் போகிற இடம் வேறாக இருக்க வேண்டும்.

முதலில் ஆஸ்பத்திரி. திண்டுக்கல்லில் 2022-ல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆஸ்பத்திரி என்றாலே வெந்நீர்: பிரசவித்த தாய்க்கு, பிறந்த குழந்தைக்கு, இரத்தக்கறை படிந்த துணிக்கு. இராத்திரி பன்னிரண்டு மணிக்கு டீக்கடையில் பத்து ரூபாய் கொடுத்துப் பிளாஸ்க்கில் வெந்நீர் வாங்கிக்கொண்டு பிரசவ வார்டுக்கு ஓடாத ஏழைக் குடும்பம் இந்தத் தமிழ்நாட்டில் உண்டா? அடுத்து ஆதிதிராவிடர் மாணவர் விடுதிகள், பிற்பட்டோர் மாணவர் விடுதிகள், வேலை செய்யும் பெண்களுக்கான தோழி விடுதிகள். பால் பண்ணைகளும் இந்தக் கணக்கில் சேரும். அங்கே ஒரு பக்கம் பாலை 72 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள். மறு பக்கம் 4 டிகிரிக்குக் குளிர வைக்கிறார்கள். ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுக்க இதைவிடப் பொருத்தமான இடம் ஏது?

விவசாயத் தொழிலாளர்கள் கேட்பார்கள்: எங்களுக்கு என்ன? நேராகவே சொல்லிவிடுகிறோம். ஒரு குடம் வெந்நீர் போடும் குடிசைக்கு இந்த யந்திரம் இன்று தேவையில்லை. பட்டா இல்லாத புறம்போக்கில், ஒற்றை பல்பு எரியும் வீட்டுக்கு முதல் தேவை பட்டாவும் ஒழுகாத கூரையும். பம்பைக் காட்டி அந்தக் கோரிக்கையை மறக்கடிக்க எவரையும் விட மாட்டோம். ஆனால் இதே யந்திரத்தின் காற்றைக் கொண்டு முருங்கை இலையும் காய்கறியும் உலர்த்தலாம். ஒட்டன்சத்திரம் சந்தையில் விலை விழுந்த நாளில் தக்காளியைக் குப்பையில் கொட்டுகிற கொடுமையை நாம் பார்க்கிறோம். கூட்டுறவுச் சங்கத்தின் பேரில் ஓர் உலர்த்தும் கூடம் இருந்தால் சிறு விவசாயி கொஞ்சம் மூச்சுவிடலாம். கூலிப் பெண்களுக்கும் வெயில் இல்லாத இடத்தில் நாலு நாள் வேலை கிடைக்கும். தனி வியாபாரி கையில் போனால் அது அவனுடைய பதுக்கலுக்கு இன்னொரு கருவி, அவ்வளவுதான்.

யந்திரத்தில் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. குழாய்க்குள் சுற்றுகிற வாயு பொல்லாதது. இப்போது பல யந்திரங்களில் இருக்கிற ஆர்-134ஏ என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால், ஆயிரத்து முந்நூறு கிலோவுக்கு மேல் கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். பம்பு மிச்சம் பிடித்ததை ஓட்டைக் குழாய் தின்றுவிடும். இந்த வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-ல் ஆப்பிரிக்காவில் கிகாலி நகரத்தில் உலக நாடுகள் உடன்பட்டன. 2021-ல் இந்தியா ஏற்றுக்கொண்டது. நமக்கு 2032-ல் குறைப்பு தொடங்கி 2047-ல் 85 சதவிகிதம் குறைந்தாக வேண்டும். பதிலுக்கு வருகிற புரொப்பேன் வாயு பூமியைச் சுடாது. ஆனால் சமையல் காஸில் இருக்கும் அதே வாயு, தீப்பிடிக்கும். ஆகவே கற்றுத் தேர்ந்த மெக்கானிக் வேண்டும். நமது ஐ.டி.ஐ.க்களில் ஏ.சி. மெக்கானிக் படிக்கிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். கையுறையும் பயிற்சியும் இல்லாமல் பதினெட்டு வயதுப் பையனை மொட்டை மாடியில் ஏற்றிவிட்டு, விபத்து நடந்தால் காண்டிராக்டர் ஆள் என்று கைகழுவும் வழக்கம் இங்கேயும் வந்துவிடக் கூடாது.

தொட்டியில் தண்ணீர் வெதுவெதுப்பாகவே நாள் கணக்கில் நின்றால் நுரையீரலைத் தாக்கும் கிருமி வளரும். தொட்டிச் சூடு 60 டிகிரியில் இருக்க வேண்டும். மின்சாரம் மிச்சம் பிடிக்கிறோம் என்று சூட்டை 45-க்கு இறக்கி வைக்கும் கெட்டிக்கார மேஸ்திரிகள் உண்டு. அவர்கள் மேல் ஒரு கண் வேண்டும்.

மொட்டை மாடியில் சூரிய வெந்நீர்க் கருவி இருக்கையில் இது எதற்கு என்றும் சிலர் கேட்கிறார்கள். இடம் இருக்கிற இடத்தில் அதுவே முதலில் வரட்டும். சூரியன் பில் அனுப்புவதில்லை. ஆனால் நாலு மாடி விடுதிக்குக் கூரை பற்றாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயில் ஒளிந்துகொள்ளும். வெந்நீர் அதிகம் தேவைப்படுவதும் அப்போதுதான். இரண்டையும் சேர்த்து வைப்பதே புத்தி. பகலில் சூரிய மின்சாரம் பெருகியிருக்கும் நேரத்தில் பம்பை ஓட்டி, தொட்டியில் வெந்நீரைச் சேர்த்துவைத்து, சாயந்திரமும் விடியற்காலையும் உபயோகிக்கலாம். சாயந்திரம் எல்லா வீட்டிலும் விளக்குப் போடும் நேரத்தில் மின்வாரியத்துக்கும் சுமை ஏறாது.

இன்னொரு விஷயத்தையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம். ஆலையிலும் விடுதியிலும் விறகு அடுப்பைப் பார்த்துக்கொள்கிற தோழர்கள் இருக்கிறார்கள். புகை தின்று இருமுகிறவர்கள். புது யந்திரம் வந்தது, நீ போகலாம் என்று அவர்களைக் கேட்டுக்கு வெளியே தள்ளுவதை ஏற்க முடியாது. நவீனமயம் என்ற பெயரில் ஆட்குறைப்புச் செய்த பழைய சரித்திரம் பஞ்சாலைத் தொழிலாளிக்கு மனப்பாடம். வருஷம் ஒன்றே முக்கால் லட்சம் மிச்சமாகிறது என்றால், அந்த அடுப்புக்காரருக்கு அதே சம்பளத்தில் பம்பைப் பராமரிக்கும் வேலையைக் கொடுக்க நிர்வாகத்துக்கு என்ன தடை?

இந்த வருஷக் கோரிக்கைப் பட்டியலில் கூலி, போனஸ், பி.எப். இவற்றோடு வெந்நீரும் இடம் பெற வேண்டும் என்று ஆலைச் சங்கங்களுக்கு நாம் யோசனை சொல்கிறோம். வெறும் வார்த்தையாக வேண்டாம், கணக்கோடு வைக்க வேண்டும். ஒவ்வொரு ஆலையிலும் ஷிப்டுக்கு இருவர் பொறுப்பேற்றுக் கூடத்தின் உஷ்ணத்தை இராத்திரி பத்து மணிக்கும், விடியற்காலை நாலு மணிக்கும் பார்த்து ஒரு மாதம் நோட்டில் எழுதி வாருங்கள். சாதாரணத் தெர்மாமீட்டர் போதும். விடுதியில் எத்தனை பேர், எத்தனை வாளி வெந்நீர், எத்தனை கிலோ விறகு என்பதைப் பெண் தோழர்கள் குறித்துத் தரட்டும். கம்ப்ரஸர் எத்தனை, எத்தனை குதிரைசக்தி என்பதை மெயின்டனன்ஸ் தோழர்கள் எழுதித் தரட்டும். அந்த நோட்டை மேஜையில் வைத்துக்கொண்டு நிர்வாகத்தோடு பேசுவோம். ஆஸ்பத்திரி, மாணவர் விடுதி விஷயத்தில் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் தாடிக்கொம்பு, வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் கையெழுத்து வாங்கி, தை மாதத்துக்குள் கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும்.